முன்னுரைக்கு இடம் விட்டிருக்கிறேன்

கட்டுரை நோட்டில் மார்ஜின் போடுவதில் எங்கள் வகுப்பில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இடது பக்கம் ஸ்கேல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு, அதை ஒட்டினாற்போல் ஒரு நீலக் கோடு. வலது ஓரத்தில் தேதி. நடுவில் தலைப்பு, தலைப்புக்கு அடியில் இரட்டைக் கோடு, கோட்டின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பூ. அடுத்த வரியில் 'முன்னுரை' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து ஒரு சின்னக் கோடும் இழுப்பேன். அதோடு சரி. அந்தக் கோட்டுக்கு வலது புறம் என்ன எழுதுவது என்பது அன்றைக்கும் தெரியாது. எழுத்தாளன் என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்ட பிறகும் தெரியாது.

பேனாவுக்கு மை நிரப்ப வேண்டியிருக்கும். நிரப்பினால் கை முழுக்க மை. கை கழுவப் போனால் அடுப்படியில் என்ன தாளிக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். திரும்பி வந்தால் நிப்பில் மை காய்ந்திருக்கும், உதற வேண்டும். உதறினால் சுவரில் தெறிக்கும். சுவரைத் துடைக்கப் பழைய துணி தேட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காலி செய்ய ஒரு ஹீரோ பேனாவும் ஒரு பாட்டில் இங்க்கும் போதும். சாயங்காலமானால் தூர்தர்ஷனில் படம் போட்டுவிடுவான். அதற்கு மேல் எழுதுவது நியாயமில்லை.

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், எண்பதுகளின் கடைசி. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தமிழய்யா கொடுக்கிற முதல் கட்டுரை 'நான் கண்ட பொருட்காட்சி'. காரணம் உண்டு. எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் சித்திரைத் திருவிழா. திருவிழா என்றால் தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சி. அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்குத் திரும்பிப் போன பிறகும் பொருட்காட்சி நடந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்காத பையன் அபூர்வம். பார்த்ததைத்தானே எழுதச் சொல்கிறோம், இதில் என்ன கஷ்டம் என்று அய்யா நினைத்திருப்பார்.

நான் பார்த்திருந்தேன். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்திருந்தேன். சிக்கல் அங்கேதான்.

மின்வாரிய அரங்கில் அட்டை மலைக்கு நடுவே ஒரு அணை. அதிலிருந்து நிஜத் தண்ணீர் கொட்டும். கீழே ஊர் என்று சொல்லி குட்டிக் குட்டிப் பல்புகள் எரியும். சுகாதாரத் துறை அரங்கில் கண்ணாடி ஜாடிகளுக்குள் என்னென்னவோ மிதந்தன. அம்மா என் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். சிறைத் துறை அரங்கில் கைதிகள் நெய்த துண்டு ஒன்றை அப்பா வாங்கினார். நல்ல துண்டு. ஆனால் வீட்டில் யாருக்கும் அதில் தலை துவட்டத் துணிச்சல் வரவில்லை. மரணக் கிணற்றில் மோட்டார் பைக் சுவரேறி மேலே வரும்போது பலகை அதிரும், அதன்மேல் நிற்கிற நம் முழங்காலும் அதிரும். கடல்கன்னி கூடாரத்தில் கன்னி கொட்டாவி விட்டதை நானே என் கண்ணால் பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே டெல்லி அப்பளம். பொருட்காட்சிக்கு வெளியே அது எங்கும் கிடைக்காது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். மூஞ்சியைவிடப் பெரியது. மிளகாய்ப்பொடி தூவிய பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடக்க வேண்டும். அப்பளத்துக்குப் பின்னால் இருப்பவனுக்கு முன்னால் போகிறவர் தெரியாது. நான் தொலைந்துபோனது அப்படித்தான். ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே நடந்து, கண் தெரிகிற அளவுக்கு அப்பளம் குறைந்தபோது நிமிர்ந்து பார்த்தால், முன்னால் போய்க்கொண்டிருந்தவர் வேறு யாரோ ஒரு பையனின் அப்பா.

ஒலிபெருக்கியில் என்னைப் பற்றி அறிவித்தார்கள். நீல டவுசர், வெள்ளைச் சட்டை, கையில் பாதி அப்பளம். அடையாளங்களில் அப்பளத்தையும் சேர்த்துச் சொன்னதால் அதைத் தின்னலாமா கூடாதா என்று எனக்குக் குழப்பம். தின்றுவிட்டால் அப்பாவுக்கு எப்படி அடையாளம் தெரியும்? அழுதுகொண்டே அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சிரைக்க வந்து சேர்ந்த அப்பா முதலில் கேட்டது, "மீதியை ஏன்டா திங்காம வச்சிருக்க?"

இதையெல்லாம் கட்டுரையில் எழுதலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கட்டுரை என்றால் அது வேறு பொருட்காட்சி. நோட்ஸ் புத்தகத்தில் நடக்கிற பொருட்காட்சி. அங்கே மக்கள் வெள்ளம் அலைமோதும். பல்துறை அரங்குகள் கண்ணுக்கும் கருத்துக்கும் விருந்து படைக்கும். ஒருவரும் தொலைய மாட்டார்கள். முடிவுரையில் அனைவரும் அறிவு பெற்று இல்லம் திரும்புவர். அந்தப் பொருட்காட்சிக்கு நான் போனதே இல்லை. அதற்கு ஒரு முன்னுரை வேண்டும், அதுவும் பொன்மொழியோடு தொடங்க வேண்டும் என்றால் எங்கே போவேன்?

எழுதிப் பார்க்காமல் இல்லை. ஒரு வரி எழுதுவேன், பிடிக்காது, அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும். ஆகவே தாளையே கிழிப்பேன். நடுவில் பின் அடித்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாள் பின்பக்கத்திலிருந்து தானாகக் கழன்று விழும் என்பது அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். காலாண்டுப் பரீட்சைக்குள் என் கட்டுரை நோட்டு பாதியாக இளைத்துவிடும். புதுத் தாளில் மறுபடி சிவப்புக் கோடு, நீலக் கோடு, இரட்டைக் கோடு, பூ. இந்த வேலை மட்டும் ஒவ்வொரு முறையும் போன முறையைவிட நன்றாக வந்தது.

நோட்டு வைக்கிற நாளன்று ஒரு தந்திரம் இருந்தது. அடுக்கின் மேலே இருக்கிற நோட்டையும் அடியில் இருக்கிற நோட்டையும் அய்யா கருத்தாகப் படிப்பார். நடுவில் வருகிறபோது அவருக்கே அலுத்துவிடும், கையெழுத்து மட்டும் போடுவார் என்பது எங்கள் பள்ளியின் வாய்மொழி மரபு. நம்பி நடுவில் சொருகினேன். திரும்பி வந்த நோட்டில் என் பூவுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'கோடு நன்று. கட்டுரை எங்கே?'

"ஏன்டா எழுதல?"

"ஆரம்பம் வரலைய்யா."

"ஆரம்பம் வரலையா? பஸ்ஸாடா அது, வர்றதுக்கு?"

வகுப்பு சிரித்து முடித்ததும் தண்டனை அறிவித்தார். மடியின்மை அதிகாரம், பத்துக் குறளையும் பத்துத் தடவை எழுதிவர வேண்டும். வீட்டுக்குப் போனேன், உட்கார்ந்தேன், எழுந்திருக்காமல் நூறு குறளையும் எழுதி முடித்தேன். மை நிரப்பவில்லை, அடுப்படிக்குப் போகவில்லை, மார்ஜின்கூடப் போடவில்லை. சோம்பேறி என்று பட்டம் வாங்கியவன் ஒரே சாயங்காலத்தில் நூறு குறள் எழுதுகிறான்; சொந்தமாக ஒரு வரி எழுத ஒரு மாதமாக முடியவில்லை. இதிலிருந்து அய்யாவும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை. அந்த அதிகாரத்தில் காலம் கடத்துவதையும் மறதியையும் சோம்பலையும் தூக்கத்தையும் வள்ளுவர் ஒன்றாகச் சேர்த்து, கெட்டுப்போகிறவர்கள் ஆசையாக ஏறிக்கொள்கிற தோணி என்று சொல்கிறார். எனக்கு அந்த நாலில் மூன்று பொருந்தாது. தூக்கமே வராது. நாளை நோட்டு வைக்க வேண்டும் என்ற நினைப்பில் ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். எழுதியிருந்தால் ஒரு மணி நேர வேலை.

இப்படிப்பட்டவன் பத்திரிகைக்கு எழுதப் போனான். மார்ஜின் போடத் தேவையில்லாத தொழில் என்று நினைத்தானோ என்னவோ. கம்ப்யூட்டரில் மார்ஜின் நாலு பக்கமும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. எழுத்துரு மாற்றலாம். வரி இடைவெளியை ஒன்றரைக்கு ஏற்றிப் பார்த்து, கண்ணுக்கு உறுத்தினால் மறுபடி இறக்கலாம். கிழிக்கிற கஷ்டம் இல்லை. அழித்தால் சுவடே தெரியாது. என் கலைக்கு இப்படியொரு கருவி அமையும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

தள்ளிப்போடுவது பற்றி எனக்கு ஓரளவு படிப்பு உண்டு. அத்தனையும் எழுத வேண்டிய நேரத்தில் படித்தது. அமெரிக்காவில் லாரா சாலமன், எஸ்தர் ராத்பிளம் என்ற இருவர் கல்லூரி மாணவர்களைக் கேட்டு 1984இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கட்டுரை எழுதுவதை எப்போதுமே, அல்லது அநேகமாக எப்போதுமே தள்ளிப்போடுவதாக 46 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். பரீட்சைக்குப் படிப்பதைத் தள்ளிப்போடுகிறவர்கள் 28 சதவீதம்தான். எனக்கு இது சட்டென்று புரிந்தது. பரீட்சை தானாக வந்துவிடும். கட்டுரையிடம் நாம்தான் போக வேண்டும்.

கனடாவில் இன்னொரு கூட்டம், 1994இல், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இறுதியாண்டு உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டது. சராசரியாக 34 நாள் என்றார்கள். சரி, எல்லாமே கெட்டுப்போனால்? அப்போது 49 நாள் ஆகலாம் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். அதாவது, எல்லாம் கெட்டுப்போகும் என்று கணக்குப் போட்டாலும் அந்தக் கணக்கும் கெட்டுப்போகிறது. இதைப் படித்து மிரண்டுபோய், அன்றைக்கே ஆசிரியரிடம் போனில், "செவ்வாய்க்கிழமை கொடுத்துடுறேன் சார்" என்றேன். அவர் அந்த ஆய்வைப் படித்தவர் இல்லை. ஆனாலும், "எந்தச் செவ்வாய் சார்?" என்று கேட்டார்.

நேரத்தைத் திட்டமிடத் தெரியாததல்ல இதற்குக் காரணம், அந்த வேலையை நினைத்ததும் மனசில் எழுகிற சங்கடத்திலிருந்து தப்பி ஓடுவதுதான் இது என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஃபியூஷியா சிரோய்ஸ், திமோத்தி பிச்சில் இருவரும் 2013இல் இதை விரிவாக எழுதினார்கள். நூறு குறளும் ஒரு முன்னுரையும் இப்போதுதான் எனக்கு விளங்குகின்றன. வள்ளுவரின் வரியை நான் பிரதி எடுத்தால் அது நன்றாக இல்லை என்று யாரும் என்னைச் சொல்ல மாட்டார்கள். சங்கடம் முழுக்க என் வரியில். முதல் பரீட்சைக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த பரீட்சைக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை என்று 2010இல் இன்னொரு ஆய்வு. அன்றிலிருந்து என்னை நானே மன்னித்துக்கொண்டு வருகிறேன். அதை மட்டும் உடனுக்குடன் செய்துவிடுவேன்.

என் வீட்டுக்காரிக்கு ஆய்வெல்லாம் தேவைப்படவில்லை. வெளியூர் போய்விட்டு வந்தவள் வாசலில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க, யாராவது கட்டுரை கேட்டிருக்காங்களா?"

"ஏன்?"

"ஃபேன் றெக்கை பளபளன்னு இருக்கே."

ஸ்டான்ஃபோர்டில் தத்துவப் பேராசிரியராக இருந்த ஜான் பெர்ரி 1996இல் இதை ஒரு கொள்கையாகவே எழுதினார். முக்கியமான வேலை ஒன்றிலிருந்து தப்பிக்கிற சாக்கில் மனிதன் மற்ற எல்லா வேலைகளையும் முடித்துவிடுகிறான். ஆகவே பட்டியலின் தலையில் ஒரு பெரிய வேலையைப் போட்டுவைத்துக்கொண்டு மற்றவற்றைச் செய்து நல்ல பெயர் வாங்குங்கள் என்றார். அதற்கு 2011இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசு வரப் பதினைந்து வருஷம் ஆனதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் இந்தக் கொள்கை நடைமுறையில் இருக்கிறது. "தீபாவளி மலருக்கு ஒரு கட்டுரை ஒத்துக்கங்க, பரணைச் சுத்தம் பண்ணணும்" என்பாள்.

தப்பிக்க முடியாதபடி கதவைச் சாத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். விக்டர் ஹ்யூகோ நாத்ர்தாம் தேவாலயத்துக் கூனன் நாவலைப் பதிப்பாளருக்குக் கொடுக்காமல் கெடு மேல் கெடுவாக இழுத்தடித்தார். கடைசியில் 1830இல் ஒரு பாட்டில் மையும், கழுத்திலிருந்து கால்வரை மூடுகிற சாம்பல் நிறக் கம்பளி அங்கியும் வாங்கிக்கொண்டு, வெளியே போட்டுப் போகிற உடுப்புகளை எல்லாம் பூட்டிவைத்துவிட்டார் என்று அவர் மனைவி பேரில் வந்த வாழ்க்கை வரலாறு சொல்கிறது. மறு வருஷம் ஜனவரியில் நாவல் முடிந்தது. படித்ததும் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. பேண்ட், சட்டை, வேட்டி எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுக் கைலியோடு உட்கார்ந்தேன்.

பாரிஸில் கம்பளி அங்கியோடு தெருவில் இறங்க ஹ்யூகோவுக்குக் கூச்சம் இருந்திருக்கும். எங்கள் தெருவில் கைலியோடு டீக்கடைக்குப் போகலாம், ரேஷன் கடைக்குப் போகலாம், வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வரலாம், கொஞ்சம் மடித்துக் கட்டினால் துக்க வீட்டுக்கும் போய் நிற்கலாம். அன்றைக்கு நான் துக்க வீட்டுக்குத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போய்வந்தேன்.

தஸ்தயேவ்ஸ்கி கதை இன்னும் பயங்கரம். 1866 நவம்பர் 1ஆம் தேதிக்குள் ஒரு நாவல் கொடுக்காவிட்டால் ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுதுவதை எல்லாம் காசு கொடுக்காமல் வெளியிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு பதிப்பாளரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அக்டோபர் பிறக்கும்வரை ஒரு வரி இல்லை. பிறகு அன்னா என்ற இளம் சுருக்கெழுத்தாளரை வைத்துக்கொண்டு, வாயால் சொல்லிச் சொல்லி, 'சூதாடி' நாவலை 26 நாளில் முடித்தார். கொண்டுபோனால் பதிப்பாளர் ஊரில் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் பிரதியை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார். மறு வருஷம் பிப்ரவரியில் அன்னாவையே கல்யாணமும் செய்துகொண்டார்.

நான் ஏற்கெனவே கல்யாணம் ஆனவன் என்பதால் பாதி வேலை மிச்சம் என்று தோன்றியது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "நான் சொல்லச் சொல்ல எழுதிக்க" என்றேன். நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "மனித வாழ்க்கையில் காலம் என்பது..." என்று ஆரம்பித்தேன்.

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? இதைப் போய் எதுக்கு எழுதறீங்க?"

அன்னா இப்படிக் கேட்டதாக எங்கும் பதிவு இல்லை. கேட்டிருந்தால் ரஷ்ய இலக்கியத்தில் ஒரு நாவல் குறைந்திருக்கும்.

தக்காளி வைத்தியமும் பார்த்தேன். இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ எண்பதுகளின் கடைசியில், நான் பூ வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், படிப்பில் மனசு நிற்காமல் திண்டாடி, தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறைக் கடிகாரத்தைத் திருகிவைத்துக்கொண்டு படித்தார். 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு என்பது அப்படிப் பிறந்தது. இதற்குச் செல்போனில் எத்தனையோ செயலிகள். எதில் மணிச் சத்தம் நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து முடிக்க ஒரு முழு நாள். ஓய்வு 5 நிமிஷத்தை இதுவரை நான் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

எனக்கு மனசுக்கு மிக நெருக்கமான மனிதர் டென்னிஸ் அப்பர். அமெரிக்க உளவியலாளர். எழுத்து வராமல் முட்டிக்கொண்டு நிற்கிற ஒருவர் தனக்குத்தானே வைத்தியம் பார்த்துத் தோற்றதைப் பற்றி 1974இல் ஒரு ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். தலைப்பு இருக்கிறது, பெயர் இருக்கிறது, கீழே வெறும் தாள். ஒரு எழுத்து இல்லை. கட்டுரையைச் சோதித்த ஆய்வாளர் எலுமிச்சைச் சாறு தடவியும் எக்ஸ்ரே எடுத்தும் பார்த்துவிட்டதாகவும் ஒரு குறையும் காண முடியவில்லை என்றும் குறிப்பு எழுதினார். அதையும் சேர்த்து அச்சிட்டார்கள். இந்த முன்னுதாரணத்தை ஆசிரியரிடம் எடுத்துச் சொன்னேன்.

"அதெல்லாம் அமெரிக்கா சார். நம்மகிட்ட வெறும் தாளுக்குச் சன்மானம் கிடையாது."

இவ்வளவு கல்வியோடும் நான் இருக்கையில்தான் போன வாரம் மகள் கட்டுரை நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சாப்பாடெல்லாம் ஆன பிறகு. அரசுப் பொருட்காட்சிக்குச் சென்று வந்ததைக் கட்டுரையாக எழுத வேண்டுமாம். குறிப்புகள் கொடுத்திருந்தார்கள்: முன்னுரை, நுழைவாயில், அரங்குகள், அங்காடிகள், பொழுதுபோக்கு, முடிவுரை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இதற்காகவே முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தயார்செய்து வந்தவன் நான்.

தைக்கு நாங்கள் மூவரும் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். பொருள் பஞ்சமில்லை. ஆரம்பம்தான் வேண்டும். திரைகடலோடித் திரவியம் தேடியவர்களிலிருந்து ஒன்று சொன்னேன். "அப்பா, இது நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். பாரத நாட்டின் பெருமையிலிருந்து ஒன்று. "இது போன தடவை காந்தி கட்டுரைக்குச் சொன்னதுதானே?" கண் இரண்டு, காது இரண்டு என்று மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கினேன், எங்கே போகிறது என்று எனக்கே தெரியாததால் நடுவில் நிறுத்திக்கொண்டேன். கொஞ்சம் யோசிக்கணும், ஒரு டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் பாதிப் பக்கம் எழுதியிருந்தாள்.

"முன்னுரைக்கு ஆறு வரி விட்டிருக்கேன்பா. நீங்க யோசிச்சு வைங்க. நான் அப்பளத்துலேர்ந்து ஆரம்பிச்சுட்டேன்."

"வரிசைப்படி எழுத வேண்டாமா?"

"மிஸ் பாக்கும்போது வரிசையா இருந்தா போதும்ல?"

முன்னுரை என்பது முதலில் இருக்க வேண்டியது, முதலில் எழுத வேண்டியது அல்ல. இதைச் சொல்ல ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை வேண்டியிருந்தது. அவளுக்கு இது ஒரு கண்டுபிடிப்பு என்றுகூடத் தெரியவில்லை. எழுதிக்கொண்டே போனாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். 'பொழுதுபோக்கு' என்ற உட்தலைப்பின் கீழ், நல்ல இலக்கணச் சுத்தமான தமிழில் இருந்தது: 'இராட்டினத்தின் உச்சியில் என் தந்தையார் கண்களை இறுக மூடிக்கொண்டு, இது எப்பொழுது நிற்கும் என வினவிக்கொண்டே இருந்தார். இறங்கியபின் தமக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அப்பொழுது இரவு எட்டு மணி.'

"இதெல்லாம் கட்டுரையில எழுதலாமா?"

"குறிப்புல பொழுதுபோக்குன்னு போட்டிருக்காங்களேப்பா."

கைவேலை அங்காடிகள், மெட்ரோ ரயில் மாதிரி, ராட்டினத்துக்கு நின்ற வரிசை, அம்மா பேரம் பேசி வாங்கிய இடுக்கி என்று எல்லாம் வந்தது. நடுவில் இரண்டு இடத்தில் அடித்தாள். தாளைக் கிழிக்கவில்லை, அடித்ததற்கு மேலேயே திருத்தி எழுதினாள். அந்த அடித்தலைப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, முடிவுரைக்கு வந்துவிட்டாள். ஆறு வரி வெள்ளையாக இருந்தது. காலைக்குள் சொல்லிவிடுகிறேன் என்றேன். போய்ப் படுத்துக்கொண்டாள், உடனே தூங்கியும் போனாள். தூக்கம் வராமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

காலையில் அம்மா தலை பின்னிக்கொண்டிருக்க, மடியில் நோட்டை வைத்து அவளே எழுதி முடித்துவிட்டாள். 'சென்ற தை மாதம் நாங்கள் மூவரும் தீவுத்திடலுக்குச் சென்றோம். அப்பா இந்த முறை தொலைந்துபோகவில்லை.' ஆறு வரியில் இரண்டுதான் ஆனது. மிஸ் 'அப்பா'வை அடித்துத் 'தந்தை' என்று திருத்தி, மற்றதற்கெல்லாம் டிக் போட்டிருந்தார்கள்.

இந்தக் கட்டுரையை நானும் அவள் வழியில்தான் எழுதினேன். அப்பளத்தில் ஆரம்பித்து, அங்கிருந்து தமிழய்யாவுக்கு வந்து, பிறகு முன்னும் பின்னும் போனேன். முதல் பத்திக்கு மட்டும் இடம் விட்டுவைத்திருந்தேன். அந்த இடம் அப்படியே இருக்க, செவ்வாய்க்கிழமை வந்தது. எந்தச் செவ்வாய் என்பது எனக்கும் ஆசிரியருக்கும் இடையில் இருக்கட்டும். போன் அடித்தது.

"சார், கட்டுரை?"

"முடிஞ்ச மாதிரிதான் சார். ஆரம்பம் மட்டும் சரியா அமையல. இன்னொரு நாள் கொடுத்தீங்கன்னா..."

"ஆரம்பம் எதுக்கு சார்? மீதியை அனுப்புங்க. உங்க முதல் பாராவை எப்பவுமே எடுத்துட்டுத்தானே நாங்க போடுறோம். இத்தனை வருஷமா நீங்க கவனிக்கலையா?"

நான் கவனிக்கவில்லை. அச்சில் வந்ததை எடுத்து வாசிக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.